வாளியில் கிடந்த பாம்பு

பாம்பு கடித்துப் பிழைத்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ரொம்ப வலிச்சுச்சா?" வலித்தது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வலியைச் சொல்வதற்காக இல்லை, கோபம் இன்னும் அடங்காததால்தான். இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதில் முதல் நான்கு நாள், கடி வாங்கிய என்னை யாரும் ஒரு வார்த்தை ஒழுங்காகக் கேட்கவில்லை. பெயிண்ட் வாளியில் செத்துக் கிடந்த ஒரு பாம்பைத்தான் கேட்டார்கள். அதற்குள் என் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன.

எங்கள் ஊர் பாச்சலூருக்குப் பக்கம். நான் அங்கன்வாடியில் டீச்சர். வீட்டுக்காரர் முருகேசன் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மலைவாழையும் பட்டர் ஃப்ரூட்டும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்குவார். எங்களுக்கென்று முக்கால் ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இந்த மலைக்கு வந்தவர்கள். இரண்டு நாட்டிலும் அடுத்தவர் தோட்டத்தில் நின்றே முதுகு வளைந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் சொந்த மண் என்று நின்று பார்த்தது நான்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிறுநீரகம் திரும்ப வேலை செய்யாவிட்டால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை நம்பித்தான் உயிர் வாழ வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. எங்கள் ஊருக்கு அந்த இயந்திரம் கீழேதான், மலைப்பாதை முழுக்க இறங்கியாக வேண்டும். அப்படி ஏறி இறங்க யாராலும் முடியாது. மலையை விட்டு நிரந்தரமாக இறங்கிவிட வேண்டியதுதான். சுருக்கமாகச் சொன்னால், நான் மறுபடி என் வீட்டுக்குப் போவேனா மாட்டேனா என்பதை என் மூத்திரம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வார்டில் நாங்களும் சில நாள் சிரித்தோம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். காப்பி பழுத்துக் கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. செடியில் இருப்பதைப் பறிப்பது ஒரு வேலை, தரையில் உதிர்ந்ததைப் பொறுக்குவது இன்னொரு வேலை. உதிர்ந்ததை விட்டுவைத்தால் அதில் வண்டு புகுந்து அடுத்த வருடக் காயைத் துளைக்கும். அதனால் குத்தவைத்து உட்கார்ந்து, சருகுக்குள் கையை விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கையுறை போட்டால் பழத்துக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் இந்த மலையில் யாரும் போடுவதில்லை.

முள் குத்தியது என்றுதான் முதலில் நினைத்தேன். கையை வெளியே எடுத்தால் வலது கை நடுவிரலில் இரண்டு பொட்டு ரத்தம். சருகு விலகிய இடத்தில் அது ஓடாமல் அப்படியே கிடந்தது. ஒன்றரைச் சாண் நீளம், காய்ந்த இலை நிறம், முக்கோணத் தலை, ஒடுங்கிய கழுத்து. மூக்கு நுனி மட்டும் மேல்நோக்கித் தூக்கியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் கோப்பி விரியன் என்று பெயர். இலங்கையில் காப்பியைக் கோப்பி என்பார்கள், பெயரும் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்துவிட்டது. நான் கத்திய பிறகுதான் அது நிதானமாகச் சருகுக்குள் போனது.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவர் தம்பி பாண்டி மண்வெட்டியோடு வந்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என் மணிக்கட்டில் துண்டைக் கட்டி இறுக்கி, என்னை வண்டியில் ஏற்றி உட்காரவைத்தார்கள். அத்தோடு கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. எங்கள் பக்கத்தில் இது சட்டம் மாதிரி: பாம்பு கடித்தால் பாம்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் எந்த ஊசி என்று டாக்டருக்குத் தெரியாது. அப்படிக் கட்டி இறுக்கக் கூடாது, தேடிக்கொண்டு நேரத்தைத் தொலைக்கவும் கூடாது என்று எனக்குப் பின்னால் சொன்னார்கள். பின்னால் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

முக்கால் மணி நேரம். முக்கால் ஏக்கரையும் கிளறினார்கள். நான் வண்டியில் உட்கார்ந்து விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "போதும் வாங்க, போகலாம்" என்று நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் பாண்டி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"கெடச்சிருச்சு மதினி! அடிச்சாச்சு!"

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பாய், உருண்டையாய், பளபளவென்று ஒன்று கிடந்தது. வால் கத்தியால் நறுக்கியதுபோல மொட்டையாக இருந்தது.

"இது இல்ல பாண்டி. அது சருகு கலரு. மூக்கத் தூக்கிக்கிட்டு இருந்துச்சு."

"வலியில ஒங்களுக்கு என்ன தெரியும் மதினி? பேசாம உக்காருங்க. அண்ணே, வெரசா எடு!"

வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். வாளி என் காலடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு அது என் பக்கம் சரிந்தது.

மலையிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளவயது டாக்டர், மரியாதையான பையன். என்னைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள், வாளியை மேசையில் வைத்தார்கள். கூட்டம் முழுக்க மேசைப் பக்கம்தான். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது விஷமில்லாததும்மா. மண்ணுக்குள்ள இருக்கும், மண்புழு தின்னும். கடிக்கவே தெரியாது இதுக்கு."

அந்தப் பாம்பைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை. என்னைப் பற்றித்தான் தப்பு.

"சார், என்னையக் கடிச்சது இது இல்ல சார்."

அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இதுதானே கடிச்சது?"

"ஆமா சார்" என்றார் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். டெட்டனஸ் ஊசி ஒன்று, வலி மாத்திரை நான்கு, "பயந்துட்டாங்க, நல்லா தூங்கச் சொல்லுங்க" என்ற ஆலோசனை. கடிக்கவே தெரியாத பாம்பு எப்படிச் சார் கடித்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. விரல் வீங்கியதற்குத் துண்டைக் கட்டியதுதான் காரணம் என்றார்கள். சீட்டில் விஷமற்ற பாம்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர் திரும்பும்போது பாண்டி வழியில் கண்டவர்களிடமெல்லாம் "ஒண்ணும் இல்லையாம், சும்மா மண்ணுப் பாம்பாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கை முழங்கை வரை வீங்கியிருந்தது.

மறுநாள் வெள்ளனே பல் தேய்த்தேன். வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக விழுந்தது. துப்பத் துப்ப ஈறிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது: முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒன்றுக்கே போகவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவர் சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்ததைக் கீழே இறங்கிய பிறகுதான் பார்த்தேன்.

கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் சொல்லப்போவதில்லை. என்னைக் காப்பாற்றியவர்களும் அங்கே இருந்தார்கள், என்னைப் பல்லைக் கடிக்க வைத்தவர்களும் இருந்தார்கள். பல நேரம் இரண்டும் ஒரே ஆட்களாகவே இருந்தார்கள்.

அங்கே முதலில் ஒரு சோதனை செய்தார்கள். மிகச் சாதாரணமான சோதனை. கொஞ்சம் ரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இருபது நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். நல்ல ரத்தம் தயிர் மாதிரி உறைந்து நிற்கும். என் குழாயை நர்ஸ் சாய்த்தாள், ரத்தம் தண்ணீராக ஓடியது. விரியன் வகை விஷம் ரத்தம் உறையும் சக்தியைத் தின்றுவிடும் என்று சொன்னார்கள். இருபது நிமிடமும் ஒரு கண்ணாடிக் குழாயும். முந்தின நாள் மலையில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"என்ன பாம்பு?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். பாண்டி வாளியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ஒன்றல்ல, நான்கு படம். டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "இது இல்லையே. ரத்தம் உறையலன்னா விரியனாத்தான் இருக்கணும். சுருட்டை விரியனா இருக்கும்."

"சார், நான் பாத்தேன்..."

"நீங்க பேசாதீங்கம்மா. பதட்டப்பட்டா விஷம் வேகமா ஏறும்."

விஷமுறிவு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஏறிய பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடித்து, பல் கிட்டி, கட்டிலே ஆடும்படி நடுங்கினேன். அது சிலருக்கு வரும் ஒவ்வாமை. நிறுத்தி, அதற்கு ஓர் ஊசி போட்டு, மறுபடி ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்துக் குழாயைச் சாய்த்தார்கள். தண்ணீர். இன்னும் பத்துக் குப்பி. மறுபடி நடுக்கம், மறுபடி தண்ணீர். வீட்டுக்காரர் கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்தது. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்காவது நாள் சிறுநீரக வார்டுக்கு மாற்றினார்கள். அந்தச் செல்போன் படமும் கூடவே மாறி வந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா, ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் வழக்கம்போல போனை நீட்டினார். அவர் அதைக் கையால் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கடிச்சத நீங்க பாத்தீங்களாம்மா?"

அழுதுவிட்டேன். நான்கு நாள் ஊசிக்கும் நடுக்கத்துக்கும் வராத அழுகை. "பாத்தேன் டாக்டர். பக்கத்துல கெடந்துச்சு. பாத்தேன்."

குளுக்கோஸ் பெட்டி அட்டையைக் கிழித்துப் பின்பக்கத்தில் வரையச் சொன்னார். இடது கையால் வரைந்தேன். என் அங்கன்வாடிப் பிள்ளைகள் அதைவிட நன்றாக வரைவார்கள். ஆனாலும் தலை, கழுத்து, தூக்கிய மூக்கு எல்லாம் வந்துவிட்டன. அவர் தன் போனில் ஒவ்வொரு படமாகக் காட்டினார். மூன்றாவது படத்தில் அது இருந்தது.

"இதுதான்."

"நிச்சயமா?"

"எம் புருசன் மொகத்தவிட நிச்சயமா."

டாக்டரம்மா போனை மூடினார். "இந்த மருந்த நிறுத்திருங்க" என்று நர்ஸிடம் சொன்னார்.

"அப்ப இதுக்கு என்ன மருந்து டாக்டர்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இதுக்குன்னு நம்ம நாட்டுல மருந்து இல்லங்க."

பிறகு பொறுமையாக விளக்கினார். விஷமுறிவு மருந்து எப்படிச் செய்கிறார்கள் என்றால், பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடம்பு அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். அந்த எதிர்ப்பை அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தால் மருந்து. இங்கே நான்கு பாம்பின் விஷம்தான் ஏற்றுகிறார்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். என் அங்கன்வாடிச் சுவரில்கூட அந்த நான்கின் படம்தான் ஒட்டியிருக்கிறது, நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னைக் கடித்தது ஐந்தாவது. அதற்குப் பந்தியில் இலை போடவில்லை. எனக்குள் ஏற்றிய இத்தனை குப்பியும் வேறு யாரையோ கடித்த பாம்புக்கான மருந்து.

கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? நான்கு நாள், நான் சொல்வதைக் கேளுங்கள், கேளுங்கள் என்று கெஞ்சினேன். ஒருவர் கேட்டார். கேட்டபின் கையில் ஒன்றும் இல்லை என்கிறார். "இம்புட்டுத்தானா?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வேண்டாத மருந்தையாவது நிறுத்தினோமேம்மா. இனிமே ரத்தத்தையும் கிட்னியையும் பாத்துக்குவோம். பல பேருக்குத் திரும்ப வந்திருக்கு. சில பேருக்கு வர்றதில்ல. ஒங்களுக்கு எதுன்னு இப்ப சொல்ல முடியாது."

அந்தப் பாம்பு யாரைக் கடிக்கிறது? காப்பிக்குள் குனிகிறவர்களை. ஏலக்காய்க்குள் குனிகிறவர்களை. காட்டில் விறகும் கடுக்காயும் பொறுக்குகிறவர்களை. கொடைக்கானல் ஏரியில் படகு விட வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராகக் கடித்திருந்தால், ஐந்தாவது பாம்புக்கும் என்றைக்கோ ஒரு குதிரை கிடைத்திருக்கும். இதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

அன்றைக்கே கழுத்தில் குழாய் வைத்தார்கள். டயாலிசிஸ் என்றால் வேறொன்றுமில்லை. சிறுநீரகம் செய்யாத வேலையை வெளியே ஓர் இயந்திரம் செய்கிறது. உடம்பிலிருந்து ரத்தம் ஒரு குழாயில் போய், அங்கே கழிவை விட்டுவிட்டு, இன்னொரு குழாயில் திரும்பி வருகிறது. நான்கு மணி நேரம். வலி இல்லை. குளிர்தான். வீட்டுக்காரர் மலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் எனக்கு மாட்டிவிட்டார். வெளியே கீழ்நாட்டு வெயில் கொளுத்தியது, நான் குல்லாவோடு படுத்திருந்தேன்.

குளிரைவிடத் தாகம் மோசம். தண்ணீர் வெளியே போகாததால் உள்ளேயும் போகக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று சின்ன டம்ளர், அதில்தான் மாத்திரையும். வீட்டுக்காரர் என் முன்னால் தண்ணீரே குடிக்கவில்லை. தாகம் எடுத்தால் "செருப்பு வெளிய கெடக்கு, பாத்துட்டு வாரேன்" என்று வராந்தாவுக்குப் போவார். வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். இத்தனை தடவை செருப்பைப் பார்க்கிற மனுஷரை நான் கண்டதில்லை.

கட்டிலுக்கு அடியில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி. நாள் முழுவதும் போகிற மூத்திரத்தை அதில் அளந்து எழுத வேண்டும். நல்ல உடம்புக்கு ஒன்றரை லிட்டராவது போகும். எனக்கு முதல் வாரம் ஜாடியின் அடிகூட நனையவில்லை. அநேகமாகத் தினமும் சாயங்காலம் பாண்டி போன் செய்வான். "மதினி, இன்னைக்கு எம்புட்டு?" முப்பது மில்லி. நாற்பது மில்லி. ஊர் முழுக்க அந்தக் கணக்கு தெரியும். பால் சொசைட்டி வாசலில் என் மூத்திரத்தைப் பற்றித்தான் பேச்சாம். என் அங்கன்வாடிப் பிள்ளைகளின் அம்மாக்கள்கூட விசாரித்தார்கள். மானம் போனது. ஆனால் யாரும் கேட்காமலிருந்த நாளில் இன்னும் வருத்தமாக இருந்தது.

பாண்டி ஒரு நாள் நேரில் வந்தான். வார்டுக்குள் வராமல் கதவோடு நின்றான். கையில் ஒரு சீப்பு மலைவாழை. எனக்கு வாழைப்பழம் ஆகாது, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் உப்பு இதயத்தையே நிறுத்திவிடும். அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. நர்ஸ் பழத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

"அடிங்க மதினி. எத்தன வேணாலும் அடிங்க."

"வலது கை தூக்க முடியல. சரியானதும் அடிக்கிறேன். இப்பப் போயி மிச்சக் காப்பியப் பொறுக்கு. கம்ப வச்சுக் கெளறிட்டுப் பொறுக்கு."

பக்கத்துக் கட்டிலில் பாப்பாத்தி அக்கா இருந்தார். மூன்று வருடமாக டயாலிசிஸ், அந்தச் சமயம் காய்ச்சல் வந்து வார்டில் சேர்த்திருந்தார்கள். ஒரு காலத்தில் பூம்பாறையில் பூண்டு விவசாயம், வீடு, மாடு எல்லாம் இருந்தவர். இப்போது ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருக்கிறார். "எறங்குன அன்னைக்கு ஒரு மாசந்தான்னு நெனச்சேன்" என்றார். "மாட்ட வித்துட்டு வரல, தங்கச்சிகிட்டக் கட்டச் சொல்லிட்டு வந்தேன். அது கன்னு போட்டு, அந்தக் கன்னும் கன்னு போட்ருச்சு." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் குனிந்து ஜாடியைப் பார்த்தேன்.

பதினேழாவது நாள், வீட்டுக்காரர் வராந்தாவில் யாரிடமோ போனில் பேசுவது காதில் விழுந்தது. "ரெண்டு ரூமு போதும்ணே. ஆஸ்பத்திரிக்குப் பக்கமா இருந்தா நல்லது. தோட்டத்த யாராச்சும் கேட்டா சொல்லுங்க."

உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யாரக் கேட்டு வீடு பாக்குறீங்க?"

"பாத்துத்தான வைக்கிறேன். நாளைக்குத் தேவப்பட்டா..."

"தோட்டத்த விக்கிறதுக்கும் பாத்து வைக்கிறீங்களா? அதுக்கும் எங்கிட்டக் கேக்கல. கடிச்சப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் செருப்பைப் பார்க்கப் போனார். அந்த நாள் முழுவதும் நான் அவரிடம் பேசவில்லை. இருந்த கோபத்துக்கெல்லாம் அவர்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், அதுவும் ஒரு காரணம்.

பத்தொன்பதாவது நாள் காலையில் ஜாடியில் இருநூறு. நர்ஸ் தப்பாக அளந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் நானூற்றைம்பது. அதற்கடுத்த நாள் தொள்ளாயிரம். பாப்பாத்தி அக்கா தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார். அவருக்கு ஜாடியே கிடையாது, அளக்க ஒன்றும் இல்லாமல் போய் வருடங்களாகிவிட்டன. அவர் தட்டியபோது எனக்குச் சந்தோஷத்தோடு வெட்கமும் வந்தது. கிரியாட்டினின் என்று ரத்தத்தில் ஒரு கழிவு உண்டு. நல்ல உடம்பு உள்ளவர்களுக்கு ஒன்றைச் சுற்றி இருக்கும், எனக்கு எட்டைத் தாண்டியிருந்தது. அது ஆறானது, நான்கானது, இரண்டுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. "இனி இயந்திரம் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா முழுசாத் திரும்பல. மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்கணும், ஆயுசுக்கும்." கழுத்துக் குழாயை எடுத்தார்கள். மலைக்குப் போகலாம் என்றார்கள்.

இருபத்தாறாவது நாள். டாக்டரம்மா அன்றைக்கு விடுப்பு. பயிற்சி டாக்டர் ஒருவர் போகும்போது கொடுக்கிற தாளை நீட்டினார். இங்கிலீஷ்தான், ஆனால் வாசிக்கத் தெரியும். காரணம் என்ற இடத்தில் விஷமற்ற பாம்புக் கடி என்று இருந்தது.

"இது தப்பு சார்."

"முதல் ஆஸ்பத்திரிச் சீட்டுல அப்படித்தான்மா இருக்கு. படமும் ஃபைல்ல இருக்கு. நாங்க அதத்தான் எடுத்து எழுதுவோம்."

"விசமில்லாத பாம்பு கடிச்சு எவளுக்குச் சார் கிட்னி போகும்? நாளைக்கு மலையில எவனாச்சும் இந்தத் தாளப் பாத்தா என்ன நெனப்பான்? டாக்டரம்மாவே படத்தக் காட்டி உறுதி பண்ணுனாங்க."

"அவங்க எழுதல. ஒங்க வீட்டுக்காரரே இதுதான் கடிச்சதுன்னு சொன்னதா அங்க பதிவாகியிருக்கு. கிளம்புற நேரத்துல எதுக்கும்மா சண்ட? உயிரோட போறீங்கள்ல?"

உயிரோடு போகிறேனாம். எழுதாவிட்டால் இந்தக் கடி நடக்கவே இல்லை. நடக்காத கடிக்கு யார் மருந்து செய்வார்கள்? நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். மாற்றி எழுதாமல் எழுந்திருப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற வீட்டுக்காரர் அவற்றை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அந்தப் பாம்பு இல்ல சார்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அது குப்பக்குழிக்குள்ள கெடந்தது. இவ கடி வாங்குன எடத்துக்கும் அதுக்கும் அம்பது அடி இருக்கும். பாண்டி குழியில வெட்டுறத நாந்தான் பக்கத்துல நின்னு பாத்தேன். அது இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் ஆமான்னு சொன்னீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"அந்த டாக்டரு விசமில்லன்னு சொல்லிட்டாரு சார்." அவர் கீழே வைத்த பைகளையே பார்த்தார். "அந்த வார்த்தைய விட மனசு வரல."

இருபத்தாறு நாள். பாதத்தைத் தேய்த்தபோதும், போனை நீட்டியபோதும், செருப்பைப் பார்க்கப் போனபோதும் இதை உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் பேனாவால் அந்த வரியை அடித்தார். "என்ன பேரு சொன்னீங்க?" என்றார். சொன்னேன். இங்கிலீஷுக்கு நடுவில் தமிழில் கோப்பி விரியன் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மலை ஏறும்வரை நான் அவரிடம் பேசவில்லை. பாதி வழியில், காப்பித் தோட்டங்கள் தொடங்குகிற வளைவில் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஒண்ணுக்குப் போகணுமா?"

பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அரை மணி நேரமாக முட்டிக்கொண்டிருந்தது. இறங்கினேன். அவர் எனக்கு முன்னால் ஓடி, வண்டியிலிருந்து ஒரு நீளக் கம்பை எடுத்துப் புதருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சருகு பறக்கத் தட்டினார். தட்டி முடித்தபின் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார். உட்கார்ந்தேன். அவர்மேல் இருந்த கோபம் துளிகூடக் குறையவில்லை. மூத்திரம் நன்றாகப் போனது.